நீ மிதித்த முதுகு

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று வந்து சேர்ந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அழகாகத்தான் அடித்திருக்கிறாய். அப்பா பெயர், என் பெயர், கீழே பெரிய எழுத்தில் உன் பெயர், அதற்கும் கீழே வெளிக்கள உத்தியோகத்தர் என்று உன் கணக்கப்பிள்ளை வேலை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பத்திரிகையில் வேலை போட்டுக் கல்யாணம் நடப்பது இதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை வந்திருக்க வேண்டும். பெருமைப்பட முடியவில்லை. ‘அன்புள்ள மகனுக்கு’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அன்பு எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் இன்றைக்கு உன் மேல் எனக்கு இருப்பது கோபம். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு ‘அம்மா என்னமோ சொல்லுது’ என்று நீ நழுவக் கூடாது. போன வியாழக்கிழமை அப்பாவை மாதக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பொகவந்தலாவையில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த வளைவுகளில் அப்பாவுக்கு இரண்டு தரம் வாந்தி. நம்பர் கூப்பிட நேரமாகும் என்றார்கள். நம் லயத்துப் பெண் ஒருத்தி கர்ப்பப்பை ஒபரேஷனுக்கு வந்து படுத்திருக்கிறாளே, அவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பெண்கள் வார்டுக்குள் போனேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. மூத்திரத்துக்கு டியூப் போட்டிருந்தது. “அம்மா, நீங்க எங்க கணக்கப்புள்ள ஐயாவோட அம்மாங்களா? மூஞ்சி அப்படியே இருக்குங்க” என்றாள். ஆமா என்றேன், சிரித்துக்கொண்டே சொன்னேன். என் மகனை ஐயா என்று ஒருத்தி சொன்னால் எனக்கு இன்னும் அப்படித்தான் சிரிப்பு வருகிறது. அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்தாள்.

“ஐயா மேல தப்பு இல்லைங்கம்மா” என்றுதான் தொடங்கினாள். தப்பு இல்லை என்று ஒருத்தி அழுதுகொண்டு தொடங்கினாலே விஷயம் புரிந்துவிடும். மழை நாள். கொழுந்துப் பையை முதுகில் போட்டுக்கொண்டு நிறுக்கிற இடத்துக்கு இறங்கும்போது தண்ணீர்க் கான் ஓரத்தில் வழுக்கி, பையோடு தொப்பென்று உட்கார்ந்திருக்கிறாள். இடுப்பு பிடித்துக்கொண்டது, எழும்ப முடியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுங்க ஐயா என்று கங்காணி உன்னிடம் வந்து கேட்டாராம். நீ சிரித்தாயாம். “இதுக்குப் போயி துண்டா? குப்புறப் படு. நான் காலால பொறந்தவன், தெரியுமில்ல?” என்று சொல்லி சப்பாத்தைக் கழற்றினாயாம். தரையில் படங்குச் சாக்கை விரித்து, அவளைப் படுக்க வைத்து, இரண்டு பேருடைய தோளைப் பிடித்துக்கொண்டு அவள் இடுப்பில் ஏறி நின்றாயாம். சொடுக்கென்று ஒரு சத்தம் கேட்டதாம். சுற்றி நின்ற பெண்கள் கை தட்டினார்களாம். “போயிருச்சு பாரு, எந்திரி” என்றாயாம். ஐயாவே மிதித்துவிட்ட பிறகு வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? எழும்பிவிட்டாள். இரண்டு நாள் கொழுந்து பறிக்க மலைக்கும் போயிருக்கிறாள். மூன்றாம் நாள் இடது கால் மரத்தது. அன்றைக்குப் பின்னேரம் மூத்திரம் வரவில்லை. கண்டிக்குக் கொண்டுபோய் முதுகைத் திறந்து, தைத்து, இந்த ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கால் விரல் இன்னும் அசையவில்லை. வீட்டில் நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது.

இவ்வளவுதான் என்றால்கூட, தெரியாமல் செய்தான், அறிவில்லாமல் செய்தான் என்று உன்னை நாலு திட்டுத் திட்டிவிட்டு, உன்னையும் இழுத்துக்கொண்டு போய் அவள் காலில் விழச் செய்திருப்பேன். இதற்கு மேலே நீ செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் முதுகில் குதிகால் அளவுக்கு நீலமாகக் கன்றியிருந்ததை டொக்டர் பார்த்திருக்கிறார். சும்மா வழுக்கி உட்கார்ந்தவளுக்கு இது எப்படி வந்தது, யார் உதைத்தது என்று கேட்டிருக்கிறார். அவள் புருஷன் நல்ல நாள் பெரிய நாளில் குடிக்கிறவன். போதாதா? ஆஸ்பத்திரிப் பொலிஸ் அவனை இரண்டு தரம் கூப்பிட்டு விசாரித்துவிட்டது. “அந்த மனுசன் என்னைய ஒரு நாளும் கை நீட்டினதில்லைங்கம்மா, யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க” என்று அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே என்றேன். நீ ஆள் அனுப்பினாயாமே, ‘விழுந்ததா மட்டும் சொல்லச் சொல்லு’ என்று? கூடவே ஒரு போத்தல் சத்து மாவும் அனுப்பினாயாமே? அவர்கள் இருப்பது அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில், அவன் வேலை செய்வது அந்தத் தோட்டத்து ஃபெக்டரியில். எப்படிச் சொல்வாள்? தினமும் அவன் உன்னைக் கடந்துதான் வேலைக்குப் போகிறான். நீ அவன் முகத்தைப் பார்த்து, ‘கவலப்படாத, சரியாயிரும்’ என்று சொல்கிறாயாம். அந்த வாய் உனக்கு எங்கிருந்து வந்தது?

அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தேன். நீ என்ன சொன்னாய்? “நான் வேணும்னு செஞ்சேனாம்மா? கல்யாணத்த வச்சிக்கிட்டு இத இப்பக் கிளறணுமா?” என்றாய். அதோடு விட்டாயா? “தோட்டத்துல யாருக்கும்மா முதுகு வலி இல்ல? பாதிப்பேரு நடிக்கிறாளுங்க” என்றாய். போனை வைத்துவிட்டேன். நடிக்கிறாளுங்க. இந்த வார்த்தையை நான் முப்பத்திரண்டு வருஷம் மலையில் கேட்டிருக்கிறேன். என்னைப் பார்த்து எத்தனையோ கணக்கப்பிள்ளைமார் சொல்லியிருக்கிறார்கள். என் வயிற்றில் பிறந்தவன் வாயிலும் அது வரும் என்று நினைக்கவில்லை.

நடிக்கிறவளின் முதுகைப் பற்றிச் சொல்கிறேன், கேள். நீ என் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் வரை கொழுந்துக்குப் போனேன். அந்தக் காலத்தில் கூடை, கயிறு உச்சந்தலையில். இப்போது பை, கயிறு என்னவோ அதே உச்சந்தலையில்தான். மழைக் கொழுந்து இரண்டு மடங்கு பாரமாக இருக்கும். பாரம் முதுகில், கை முன்னால், ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில், நாள் முழுக்க முன்னுக்குச் சாய்ந்தபடி நிற்க வேண்டும். அந்தச் சாய்வை நாள் முழுக்க இழுத்துப் பிடித்திருப்பது இடுப்புத் தசை. அதற்கும் ஓய்வு வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நடுவிலே நிமிர்ந்து கையை இடுப்பில் வைத்தால், “என்னா அங்க போட்டோவுக்கு நிக்கிறியா?” என்று ஒரு சத்தம் வரும். நிமிராமல் இருக்கப் பழகிவிட்டோம். வலிக்காமல் இருக்க படங்குக் கயிற்றை இடுப்பில் இறுக்கிக் கட்டுவேன், மூச்சு முட்டுகிற அளவுக்கு. அது முதுகைத் தாங்கும் என்று நினைத்தேன். வருஷக்கணக்கில் அப்படிக் கட்டியதில் தாங்க வேண்டிய தசைதான் சோர்ந்துபோனது. உன்னைப் பெற்று மூன்று மாதத்தில் திரும்ப மலையேறினேன். வயிற்றுத் தசை இன்னும் கூடவில்லை, அதன் வேலையையும் சேர்த்து முதுகு செய்தது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட வலி இல்லாமல் விடிந்ததில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது யார் தெரியுமா? அப்பாவின் கிளினிக்கில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற ஒரு சிங்களப் பெண் பிள்ளை. அரைத் தமிழ்தான் பேசும். அப்பாவுக்குக் காலைத் தூக்கிக் காட்டும்போதே நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, “அம்மா, ஒங்களுக்கும் வலி தானே? படுங்க” என்றது. நான் பயந்துவிட்டேன், மிதிக்கப் போகிறதோ என்று. அது என்னைத் தொடக்கூட இல்லை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கச் சொன்னது, ஒரு முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவரச் சொன்னது, பிறகு மற்றதை. அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா மருந்து என்று பெயர்? ஆனால் தினமும் காலையில் எழும்பும் முன் படுக்கையிலேயே செய்தேன், ஒரு மாதத்தில் முகம் கழுவக் குனிய முடிந்தது. என்னிடம் கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். எப்படிப் படுப்பீங்க? பலகையில் குப்புற என்றேன். பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வையுங்க என்றது. வலி கூடினால் என்ன செய்வீங்க? பத்து நாள் அசையாமல் படுப்பேன். அது தலையில் அடித்துக்கொண்டது. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், பிறகு எழும்பி மெல்ல நடக்கணும், படுத்தே கிடந்தால் முதுகு இன்னும் இறுகிவிடும் என்றது. சாராயப் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணி சுற்றி வைப்பேன் என்றேன். அது நல்லது, தோல் வெந்துபோகாமல் வையுங்க என்றது. வாழ்நாளில் நான் செய்த ஒரே சரியான வைத்தியம் அந்தப் போத்தல்தான்.

மாத்திரையையும் கேட்டது. டவுன் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி மிட்டாய் மாதிரி முழுங்கியதைச் சொன்னேன். வயிறு புண்ணாகிவிடும், சிறுநீரகமும் கெட்டுவிடும், டொக்டரைக் கேட்காமல் நாள்கணக்கில் போடாதீங்க என்று சத்தம் போட்டது. நீயும் மோட்டார் சைக்கிளில் அந்தக் கல் ரோட்டில் நாள் முழுக்கக் குலுங்குகிறாய். இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மாத்திரையை வாயில் போட்டுக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியும், போன தைப்பொங்கலுக்கு வந்தபோது உன் பையைப் பார்த்தேன். வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னாயா? மாட்டாய். உனக்கு வந்தால் வலி, அவளுக்கு வந்தால் நடிப்பு.

இப்போது நான் சொல்ல வேண்டியது வருகிறது. இத்தனை நேரம் உன்னைத் திட்டினேன். இனி நான் சொல்லப்போவதை உட்கார்ந்து வாசி.

நீ பிறக்கும்போது தலை வரவில்லை, கால் வந்தது. மருத்துவிச்சி பயந்துவிட்டாள், நானும் செத்துப் பிழைத்தேன். லயத்துச் சனம் அதைப் பேறாக எடுத்துக்கொண்டது. காலால் பிறந்த பிள்ளை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்று உனக்கு நடக்க வந்த நாளிலிருந்தே உன்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சின்னக் குழந்தையின் கனம் என்ன பெரிய கனம்? வலித்த இடத்தில் இதமாகத்தான் இருந்திருக்கும். பெரும்பாலான பிடிப்பு தசைப் பிடிப்புதான், நாலைந்து நாளில், மிஞ்சினால் சில வாரங்களில், தானாகவே விட்டுவிடும். அது தானாக விட்டதற்கு உன் காலுக்குப் பெயர் வந்தது. மிதித்தால் தின்ன ஒரு பணிஸ், ஒரு டொபி மிட்டாய். மேல் லயம், கீழ் லயம், பக்கத்துத் தோட்டம் வரைக்கும் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் விட்டேன். சும்மா விட்டேன் என்று சொல்லக் கூடாது, பெருமைப்பட்டு விட்டேன். எங்களுக்கு வேறு என்ன பெருமை இருந்தது?

உனக்கு ஒன்பது வயது. அப்பா கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு நிறுக்கிற மடுவத்துப் படியில் இறங்கும்போது கால் இடறி, சாக்கு மேலே விழ, அவர் கீழே விழுந்தார். இது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, விழுந்தவர் தானே எழும்பி நடந்து வீட்டுக்கு வந்தார் என்பது. வந்து, வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தேத்தண்ணி கேட்டுக் குடித்தார். “இடுப்பு பிடிச்சிருச்சு புள்ள, மத்தபடி ஒண்ணுமில்ல” என்றார். கால் இரண்டும் அசைந்தது, செருப்பைத் தானே கழற்றினார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டார். நான்தான் சொன்னேன், “வீட்டுலயே மருந்த வச்சிக்கிட்டு எதுக்குங்க டவுனுக்கு?” என்று. படங்கை விரித்து அவரைக் குப்புறப் படுக்க வைத்தேன். முற்றத்தில் பந்தடித்துக்கொண்டிருந்த உன்னைக் கூப்பிட்டேன்.

நீ கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினாய். அவர் கத்தினார். “அம்மா, அப்பா கத்துறாரும்மா” என்று நீ இறங்கப் பார்த்தாய். இறங்க விடாமல் உன் இரண்டு தோளையும் பிடித்து அழுத்தினேன். “கத்தினாத்தான் பிடிப்பு விடும், நல்லா மிதி” என்றேன். நீ அழுதுகொண்டே மிதித்தாய். ஒரு சத்தம் கேட்டது. அவர் கத்துவது நின்றது. பிடிப்பு விட்டுவிட்டது என்று நினைத்தேன். எழும்பச் சொன்னபோது இடது கால் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் கேட்டார், நர்ஸ் தமிழில் சொன்னாள். விழுந்ததில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, ஆனால் நடந்து வீட்டுக்கு வந்தவருக்கு அதற்குப் பிறகுதான் ஏதோ நடந்து எலும்பு நகர்ந்து நரம்பை நசுக்கியிருக்கிறது, யாராவது மிதித்தீர்களா, பிடித்து இழுத்தீர்களா என்று. இந்த மலையில் எத்தனை முதுகைப் பார்த்திருப்பாரோ, கேள்வி நேராக வந்தது. வெளியே வராந்தாவில் யாரோ வாங்கிக் கொடுத்த பணிஸைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நீ நின்றாய். நான் டொக்டரைப் பார்த்து, “கவுருத் நே சேர்” என்றேன். யாரும் இல்லை என்று, எனக்குத் தெரிந்த சிங்களத்தில். வெளியே வந்ததும் நீ கேட்டாய், நான் மிதிச்சதாலயாம்மா என்று. பிள்ளை உடைந்துபோவான் என்று பயந்து உன்னிடம் சொன்னேன், “இல்லப்பா, நீ மிதிச்சதாலதான் அப்பா உசிரோட இருக்காருன்னு டொக்டர் சொன்னாரு” என்று. உன் முகம் தெளிந்தது. பணிஸைச் சாப்பிட்டாய்.

அந்தப் பொய்யைத்தான் நீ இருபது வருஷமாகக் காலில் போட்டுக்கொண்டு நடக்கிறாய். அந்தப் பொய்தான் போய் அந்தப் பிள்ளையின் முதுகில் ஏறி நின்றது. உன்னைக் கொன்றுபோடலாம் என்று வருகிற கோபத்தில் பாதிக்கு மேல் என் மேல்தான். ஒன்பது வயதுப் பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை, உன்னை அழுத்திய கை என்னுடையது. அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான் அன்றைக்கு உண்மை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இருபத்தொன்பது வயதுக்காரனை யாரும் அழுத்தவில்லை. துண்டு எழுதாமல் சப்பாத்தைக் கழற்றியது நீ. ஆள் அனுப்பிப் பொய் சொல்ல வைத்ததும் நீ. நான் அன்றைக்கு யாரும் இல்லை என்றதால் வேறு எவனையும் பொலிஸ் கூப்பிடவில்லை. உன் பொய்க்கு ஒருவன் போய் நிற்கிறான்.

இனிமேல் உன் மலையில் ஒருத்தி முதுகு வலி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன், இது கெஞ்சல் இல்லை. வலிக்கிறது என்றால் நம்பு. பை நிறையும் வரை காத்திருக்காமல் பாதியிலேயே கொண்டுவந்து கொட்டட்டும், நீ அதற்கு முகம் சுளிக்காதே. நிமிர்ந்து இடுப்பைப் பின்னால் வளைத்து நாலு மூச்சு விட்டால் கொழுந்து முற்றிப் போகாது. சாக்குத் தூக்குகிறவர்களை முழங்காலை மடக்கி, பாரத்தை வயிற்றோடு அணைத்துத் தூக்கச் சொல். தூக்கியபடியே இடுப்பைத் திருப்ப வேண்டாம், காலை எடுத்து வைத்து உடம்போடு திரும்பட்டும். விழுந்த பிறகு வந்த வலி என்றால் யாரும் தொடக் கூடாது. கால் மரத்தாலோ, கால் சொன்னதைக் கேட்காவிட்டாலோ, உட்காரும் இடம் உணர்வில்லாமல் போனாலோ, மூத்திரம் வராவிட்டாலோ தெரியாமல் போனாலோ, வலியோடு காய்ச்சல் இருந்தாலோ, அது பிடிப்பு இல்லை. நாளைக்குப் பார்ப்போம் என்பதும் இல்லை. லொறி இல்லையென்றால் உன் பணத்தில் ஆட்டோ பிடித்து அந்த நேரமே அனுப்பு. மூன்று நாள் தாமதம் என்ன செய்யும் என்று நீ பார்த்துவிட்டாய்.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. அந்தப் பிள்ளையின் பெயரை எழுதாமல் விட்டது அதற்குத்தான். யார் படித்தாலும் படிக்கட்டும். நீ ஆஸ்பத்திரிக்குப் போ. டொக்டரிடம், ‘மிதித்தது நான்’ என்று சொல். அதையே அங்குள்ள பொலிஸிடமும் சொல். பிறகு அவள் புருஷனிடம் போய்ச் சொல், அவன் என்ன செய்தாலும் வாங்கிக்கொள். வேலை போனால் போகட்டும், மண்வெட்டி பிடித்து வளர்ந்த குடும்பம்தான். பெண் வீட்டாரிடமும் சொல். அந்தப் பெண் இதைக் கேட்ட பிறகும் உன்னைக் கட்டிக்கொண்டால் நீ கொடுத்துவைத்தவன். எல்லாம் முடிந்த பிறகு இந்தக் கடிதத்தை உன் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் காலையில் ஆள் கூடும்போது நீயே சத்தமாக வாசி. காலால் பிறந்த பிள்ளைகள் வேறு லயங்களிலும் இருக்கிறார்கள், அவர்களைப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஞாயிறு வரைக்கும் பார்ப்பேன். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானே போய்ச் சொல்வேன். அந்தப் பிள்ளை சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள்தான். ஆனால் நான் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

இதை இன்று காலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு எல்லாம் தெரியும், அன்றைக்கிலிருந்தே தெரியும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று இவ்வளவு நாளும் என்னைத் தடுத்தவர் அவர்தான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அவர் இடது கால் செருப்பு வழியிலே கழன்று கிடக்கும், அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார். “அப்பா, செருப்பு” என்று நீ சிரித்துக்கொண்டே ஓடிப்போய் எடுத்து வருவாய். அவரும் உன்னோடு சேர்ந்து சிரிப்பார். அட்டை கடித்து அந்தப் பாதம் முழுக்க இரத்தமாக இருந்தாலும் யாராவது சொன்னால்தான் குனிந்து பார்ப்பார். வாசித்து முடித்ததும் வெகு நேரம் அந்தக் காலைத் தடவிக்கொண்டு இருந்தார். மணவறையில் பெற்றவர்கள் காலைக் கழுவி நீ பாதபூசை செய்யும் நேரத்தைப் பற்றித்தான் பேசினார்.

“மொதல்ல அவன ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. அந்தப் புள்ளயப் பாத்துட்டு வந்தான்னாத்தான் என் காலத் தொடணும். வந்தான்னா, வலது கால விட்டுட்டு எடது காலத்தான் மொதல்ல கழுவணும்னு எழுது” என்றார்.

அந்தக் காலில் தண்ணீர் விழுவதே உங்களுக்குத் தெரியாதேங்க என்றேன்.

“எனக்குத் தெரிய வேணாம் புள்ள. அவனுக்குத் தெரியட்டும்” என்றார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு வார்டைத் திறப்பார்கள். கதவிலிருந்து மூன்றாவது கட்டில்.

அம்மா